கம்ப்யூட்டரின் வேகம் கூடியது; காத்திருப்பும் கூடியது!

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

மனிதர்கள் இதை வரிவரியாக எழுதுகிறார்கள். அதற்கு "மூல நிரல்" என்று பெயர். ஆனால் எந்திரத்துக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். மூல நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவதே "கம்பைல்" செய்வது. அந்த வேலையையும் கம்ப்யூட்டரே செய்கிறது.

முழுவதையும் மாற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு முழு ஷிப்டு

மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்.டி. முதன்முதலாக 1993-ம் ஆண்டு வந்தது. அதில் சுமார் 60 லட்சம் வரிகள். அன்றைய 486 ரக கம்ப்யூட்டரில் அதைக் கம்பைல் செய்ய 5 மணி நேரம் ஆனது.

பிறகு விண்டோஸ் 2000 வந்தது. வரிகள் சுமார் 2 கோடியே 90 லட்சம். கம்ப்யூட்டரும் பல மடங்கு வேகமானது. அதில் 4 பிராசசர்கள். நேரம் குறைந்ததா? இல்லை. 8 மணி நேரம் ஆனது! ஆலையில் ஒரு முழு ஷிப்டு நேரம்.

அந்தக் குழுவில் பணியாற்றிய மார்க் லுகோவ்ஸ்கி, 2000-ம் ஆண்டு ஒரு மாநாட்டில் இந்தக் கணக்கைச் சொன்னார்.

இந்தக் காத்திருப்பு சின்ன விஷயம் அல்ல. பாதுகாப்பில் ஓர் ஓட்டை தெரிந்தால், திருத்தம் ஒரே வரியாக இருக்கலாம். ஆனாலும் கம்பைல் செய்து, சோதித்த பிறகே அது பாங்கிக்கும் ரெயில்வே கவுண்ட்டருக்கும் போய்ச் சேரும். கடைசி நேரத்தில் ஒருவர் செய்த பிழையால் வேலை நின்றுபோனால், மொத்தக் குழுவும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆள் கூட்டினால் போதுமா?

கல்யாண வீட்டில் காய் நறுக்க 20 பேரை உட்கார வைக்கலாம். ஆனால் சாம்பாரை இறக்குவது ஒருவர் வேலைதான். கம்பைல் வேலையும் அப்படியே. ஆயிரக்கணக்கான பைல்களைப் பல பிராசசர்கள் பங்கு போட்டு மாற்றலாம். எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கடைசி வேலையை அப்படி எளிதில் பங்கு போட முடியாது.

100 நிமிட வேலையில் 10 நிமிடம் பங்கு போட முடியாதது என்று வைத்துக்கொள்வோம். 10 பிராசசர்கள் இருந்தால் 19 நிமிடம் ஆகும். 100 இருந்தாலும் 11 நிமிடம்! 10 நிமிடத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. 1967-ம் ஆண்டிலேயே ஜீன் அம்தால் என்ற நிபுணர் இந்த உண்மையை எடுத்துக்காட்டினார்.

வீண் வேலை

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு பைலும் பொதுவான சில பைல்களைத் துணைக்கு இழுக்கிறது. தேவை இல்லாததும் கூடவே வருகிறது. அதையே கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பப் படிக்கிறது.

லினக்சில் இந்தச் சுமையைக் குறைக்க இங்கோ மோல்னார் என்பவர் 2022 ஜனவரியில் சுமார் 2,300 திருத்தங்களை முன்வைத்தார். கம்பைல் வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடும் என்றார். புது எந்திரம் எதுவும் வாங்காமலே!

எப்படி ஒப்பிடுவது?

"என் கம்ப்யூட்டர் 10 நிமிடத்தில் முடித்தது" என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே பதிப்பை, ஒரே பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் கம்பைல் செய்தார்களா? முதல் முறையா, இரண்டாம் முறையா? இரண்டாம் முறையில் மாறிய பைல்களை மட்டுமே மாற்றினால் போதும். நேரம் வெகுவாகக் குறையும். நினைவகம் போதாமல் போனாலோ, லேப்டாப் சூடாகிவிட்டாலோ வேகம் விழும்.

இவற்றை எல்லாம் கேட்ட பிறகே எந்தக் கம்ப்யூட்டர் வேகமானது என்று தீர்ப்புச் சொல்லலாம். கடிகாரம் பொய் சொல்லாது. ஆனால் எந்த வேலைக்கு அந்த நேரம் என்பதை அது சொல்வதில்லை!