நவோதயா தேர்வுக்கு நம் வீட்டுப் பிள்ளை

உங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அல்லது நான்காம் வகுப்பு முடிக்கப் போகிறதா? அப்படியானால் இதைப் படியுங்கள். மெதுவாகப் படிக்கலாம். இரண்டு நாளில் படித்தாலும் சரி.

நவோதயா பள்ளி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது மத்திய அரசு நடத்தும் பள்ளி. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நல்ல படிப்புக் கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய பள்ளி இது. 1985-86ஆம் ஆண்டில் முதல் இரண்டு பள்ளிகள் வந்தன. ஒன்று அரியானாவில் ஜஜ்ஜர் என்ற ஊரில். மற்றொன்று மகாராட்டிரத்தில் அமராவதியில். இன்று நாடு முழுவதும் 650க்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு இடங்களிலும் உண்டு.

ஒரு பள்ளியில் ஓர் ஆண்டுக்கு அதிகம் போனால் 80 பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்காவது பெண் பிள்ளைகளுக்கு. சேர வேண்டுமானால் ஒரு தேர்வு எழுத வேண்டும். நாடு முழுவதும் ஒரே மாதிரித் தேர்வு. லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதுகிறார்கள். பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் பெரிய தேர்வு.

இதைச் சொன்னதும் எங்கள் மையத்தில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "ஏம்மா, எனக்கே இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருக்கு. நான் என் பொண்ணுக்கு என்னத்தச் சொல்லித் தர முடியும்?"

முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

தேர்வு இரண்டு மணி நேரம். மொத்தம் 80 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றே கால் மதிப்பெண். இதில் 40 கேள்விகள் மனத்திறன் கேள்விகள். அதாவது பாதித் தேர்வு. அந்த 40 கேள்விகளும் படங்கள்தான். சதுரம், முக்கோணம், வட்டம், கோடு, புள்ளி இவைதான் இருக்கும். எழுத்துத் தெரியாதவர்கள்கூட அந்தப் படங்களைப் பார்த்து யோசிக்கலாம். பார்க்கும் கண்ணும் பொறுமையும் போதும். மீதி 40 கேள்விகளில் 20 கணக்கு, 20 மொழி.

படக் கேள்வி ஒன்றைப் பார்ப்போம். ஒரு சதுரத்தில் கோலம் மாதிரி ஒரு வடிவம் இருக்கும். அதில் ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கும். கீழே நான்கு துண்டுகள் கொடுத்திருப்பார்கள். காலி இடத்தில் எந்தத் துண்டு பொருந்தும்? இதுதான் கேள்வி. இதை வாசலிலேயே சொல்லித் தரலாம். புள்ளிக் கோலம் போடுங்கள். நான்கில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். பையனையும் கூப்பிடுங்கள். கோலம் பொம்பளைப் பிள்ளை வேலை என்று அவன் ஓடுவான். ஓட விடாதீர்கள். தேர்வில் அவனுக்கும் அதே கேள்விதான் வரும்.

இன்னொரு கேள்வி, மடித்த காகிதம். சதுரமான காகிதம் ஒன்றை எடுங்கள். பாதியாக மடியுங்கள். மறுபடி குறுக்கே பாதியாக மடியுங்கள். நடுவில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். பிரித்தால் எத்தனை துளை இருக்கும்? பிரிப்பதற்கு முன்னால் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். நான்கு என்று சொன்னால் சரி. அடுத்து, எந்த எந்த இடத்தில் துளை இருக்கும் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். இது கொஞ்சம் கடினம். பிறகு இன்னொரு காகிதத்தை அதே மாதிரி மடியுங்கள். மடிப்புகள் எல்லாம் சேரும் மூலை ஒன்று இருக்கும். அந்த மூலையைக் கத்தரியால் வெட்டுங்கள். பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை! அதற்கு எதிர் மூலையை வெட்டினால் காகிதத்தின் நான்கு மூலையும் போயிருக்கும். எனக்கு இதை முதலில் செய்து பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைக்கும் இருக்கும். நாலைந்து காகிதம் வெட்டியபின் பிரிக்காமலே சொல்ல ஆரம்பித்துவிடும். தேர்வில் காகிதத்தை மடித்துப் பார்க்க முடியாது. மனத்துக்குள்ளேதான் மடிக்க வேண்டும். அதற்கு முதலில் கையால் பல முறை மடித்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கேள்வியும் உண்டு. ஒரு படத்தின் பக்கத்தில் கண்ணாடி வைத்தால் எப்படித் தெரியும்? வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்குமே. 'ப' என்று எழுதி அதன் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடியிலும் 'ப' தான். 'ட' எழுதி வையுங்கள். திரும்பிப் போகும். இடது பக்கம் வலதாகும், ஆனால் மேல் கீழாக மாறாது. பல ஆம்புலன்ஸ் வண்டிகளின் முன்னால் பெயரைத் திருப்பி எழுதியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போகிற வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்த்தால் அது நேராகத் தெரியும். அதற்காகத்தான் அப்படி.

உடைந்த அப்பளம்கூடப் பாடம்தான். ஒரு துண்டைத் தட்டில் வைத்து, 'இதை முழு வட்டமாக்க எந்தத் துண்டு வேண்டும்?' என்று கேளுங்கள். தேர்வில் வட்டம், சதுரம், முக்கோணம் இவற்றை இப்படித்தான் உடைத்துக் கேட்பார்கள். அடுத்தது அம்புக் கேள்வி. அம்பு மேலே பார்க்கிறது, பிறகு வலது பக்கம், பிறகு கீழே. அடுத்தது எந்தப் பக்கம்? இடது பக்கம். கடிகார முள்ளைக் காட்டிச் சொன்னால் உடனே விளங்கும். நான்கு படங்களில் மூன்று ஒரே மாதிரி, ஒன்று மட்டும் வேறு, அது எது என்றும் கேட்பார்கள். விடை சரியானால் மட்டும் போதாது. 'ஏன் இது வேறு?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். காரணம் சொல்லப் பழகினால் குத்துமதிப்பாகச் சொல்வது குறையும்.

இதற்கெல்லாம் கடையில் வழிகாட்டி என்று தடித் தடியாகப் புத்தகம் விற்கிறார்கள். பயிற்சி வகுப்பும் நடக்கிறது. பணம் இருந்தால் ஒரு புத்தகம் வாங்கலாம். பள்ளியில் மூத்த பிள்ளைகள் வைத்திருந்த பழைய புத்தகம் கிடைத்தால் அதுவும் நல்லது. ஆனால் கடன் வாங்கிப் பயிற்சி வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் அரை மணி நேரம் படம், அரை மணி நேரம் வாசிப்பும் கணக்கும் போதும். விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

கணக்குக்கு வருவோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், அளவுகள், பரப்பளவு எல்லாம் வரும். உங்களுக்கு மனக்கணக்குத் தெரியும். பிள்ளைக்குத் தாள் கணக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். வெங்காயம் கிலோ 40 ரூபாய். முக்கால் கிலோ எவ்வளவு? 30 ரூபாய் என்று நீங்கள் யோசிக்காமலே சொல்வீர்கள். கடையில் மின் தராசைப் பாருங்கள். முக்கால் கிலோவுக்கு 0.750 என்று காட்டும். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பள்ளிப் பாடத்தில் வரும் நான்கில் மூன்று பங்கும், தராசில் தெரியும் 0.750ம், நீங்கள் வாயால் சொல்லும் முக்காலும் ஒன்றே. பல பிள்ளைகளுக்கு இது தனித்தனியாகத் தெரிகிறது, ஒன்றாகத் தெரிவதில்லை.

மொழிப் பகுதியில் சிறு பத்தி ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். பிள்ளை இங்கே எதற்குத் தடுமாறுகிறது தெரியுமா? பத்தியைப் படிக்காமல் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறது. இதற்கு நீங்கள் நல்ல துணை. செய்தித்தாளில் சின்னச் செய்தி ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும். நீங்கள் கேளுங்கள். 'யார்? எங்கே? எப்போது? இது எந்த வரியில் இருக்கிறது?' விடை இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுநாள் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேள்வி கேட்கட்டும். நீங்கள் தடுமாறினால் பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டுமே. உங்கள் வாசிப்பும் தேறும்.

விண்ணப்பத்தில் தேர்வு மொழியைக் குறிக்க வேண்டும். நம் பகுதியில் தமிழிலும் எழுதலாம். பிள்ளை எந்த மொழியில் நன்றாக வாசிக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டபின் குறியுங்கள்.

அடுத்தது விடைத்தாள். இங்குதான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். விடையை வாக்கியமாக எழுத வேண்டியதில்லை. ஓ.எம்.ஆர். தாள் என்று ஒன்று கொடுப்பார்கள். ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் நேராக நான்கு சின்ன வட்டங்கள் இருக்கும். ஏ, பி, சி, டி. சரியான விடையின் வட்டத்தைப் பேனாவால் முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். இரண்டு வட்டத்தைக் கறுப்பாக்கினால் மதிப்பெண் இல்லை. அழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தாளை இயந்திரம்தான் பார்க்கிறது. 'பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது' என்று அதற்கு இரக்கம் வராது. நீலம் அல்லது கறுப்புப் பந்துமுனைப் பேனாதான் வேண்டும். பென்சில் கூடாது. பென்சிலிலேயே எழுதிப் பழகிய பிள்ளைக்கு இரண்டு மாதம் முன்பே பேனா கொடுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டில் 1 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டம் வரையுங்கள். பாட்டில் மூடியைக் கொண்டு வரையாதீர்கள், மிகப் பெரிதாகிவிடும். பொட்டு அளவு போதும். நீங்கள் 'ஏழு, சி' என்று சொல்லுங்கள். பிள்ளை ஏழாம் எண்ணைத் தேடிக் கறுப்பாக்கட்டும். நடுநடுவே எண்ணைத் தாண்டிச் சொல்லுங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போதுதான் வரிசை மாறிவிடும். ஒன்பதாம் கேள்வியின் விடை எட்டில் போய் உட்காரும். அதன்பின் எல்லாமே தப்பு. கேள்வி எண்ணை மெதுவாகச் சொல்லிக்கொண்டு, அதே எண்ணில் விரல் வைத்துக் குறிக்கும் பழக்கம் வேண்டும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் எதையும் காலியாக விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். 80 கேள்விக்கு 120 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். ஒரே படத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடக் கூடாது.

விண்ணப்பம் பற்றி. அண்மை ஆண்டுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் அறிவிப்பு வருகிறது. டிசம்பர் அல்லது ஜனவரியில் தேர்வு நடக்கிறது. விண்ணப்பம் இணையத்தில்தான். கட்டணம் இல்லை. நவோதயா பள்ளிக்கே போனால் உதவி மேசையில் இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள். பிள்ளை அதே மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்க வேண்டும். பிறந்த தேதி அறிவிப்பில் சொன்ன இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கிராமப்புற இடம் கேட்டால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று தேவை. பிள்ளையின் கையெழுத்தும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை பார்க்கட்டும்.

பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். தேர்வைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆறாம் வகுப்புத் தேர்வை ஒரு முறைதான் எழுத முடியும். இந்தச் செய்தியைப் பிள்ளையிடம் தினமும் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். 'பாஸ் பண்ணலேன்னா வீட்டுக்கு வராதே' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். விளையாட்டு என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் தேர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள். இடம் கிடைத்தால் வீட்டை விட்டுத் தங்கிப் படிக்க வேண்டும். பத்து வயதில் அம்மாவை விட்டுப் பிரிவது சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கும்தான். பிள்ளைக்கு அதில் விருப்பம் உண்டா என்று கேளுங்கள்.

தேர்வு பகல் 11.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். ஹால் டிக்கெட்டை முதல் நாளே எடுத்து வையுங்கள். இரண்டு பேனா கொடுத்து அனுப்புங்கள். காலையில் பழக்கமான சாப்பாடே போதும். வெளியே வந்ததும் எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். முதலில் சோறு போடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை இப்போது படிக்கும் ஊரிலேயே ஆறாம் வகுப்புக்குப் போகும். நவோதயாவில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் காலி இடம் வந்தால் அதற்குத் தனித் தேர்வு வைக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்பும் நவோதயா பள்ளியில் கேட்டால் தெரியும்.