எல்லோருக்குமான ஏ.பி.ஐ. – 9: மூன்று சதுரங்கள்

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்பதற்கென்று வகுத்த முறைதான் ஏ.பி.ஐ. 2016 ஏப்ரல் 11 அன்று யு.பி.ஐ. அறிமுகமான கதையையும் போன வாரமே முடித்துவிட்டோம். இந்த வாரம், பணம் வந்ததைக் கடையில் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் என்று சொல்லியிருந்தேன். ஆனால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு பூக்கடை கியூ.ஆர். அட்டையைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை.

நிஜமாகவே படித்தேன். பணம் அனுப்பும் ஆப்பில் அல்ல, உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே காட்டும் ஸ்கேனரில். வந்தது ஒரே வரி. 'பி.ஏ.' என்று போட்டுக் கடைக்காரரின் யு.பி.ஐ. முகவரி, 'பி.என்.' என்று பெயர், 'சி.யு.' என்று இந்திய ரூபாய். தொகைக்கு 'ஏ.எம்.' என்று ஓர் இடம் உண்டு. பூக்கடை அட்டையில் அது இல்லை. முழம் எவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதானே தொகை! தி.நகர் ஜவுளிக்கடை கவுண்டர்த் திரையில் பில்லோடு வரும் கியூ.ஆரில் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். புரோகிராமர் எழுத வேண்டிய கோரிக்கையை முன்கூட்டியே எழுதி அச்சடித்து வைத்துவிட்டார்கள். தொகையையும் பின் நம்பரையும் போட்டு அதை அனுப்பிவைப்பவர் மல்லிகை வாங்க வந்த மாமி. இதைவிடப் பெரிய ஜனநாயகம் கம்ப்யூட்டர் உலகில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூலையில் இருக்கும் மூன்று சதுரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? 1994-இல் ஜப்பானின் டென்ஸோ குழுமத்தில், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் உருவாக்கியது இந்தக் கியூ.ஆர். குறியீடு. ஸ்கேனர் குறியீட்டைச் சட்டென்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் வேறு எங்கும் தற்செயலாக வந்துவிடக் கூடாது. அவருடைய குழு நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான காகிதங்களையெல்லாம் சலித்து, கறுப்பும் வெளுப்பும் மிக அரிதாகச் சேரும் விகிதம் 1:1:3:1:1 என்று கண்டுபிடித்தது. அந்தச் சதுரத்தின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் இதே விகிதம்தான். அதனால் அட்டை தலைகீழாகத் தொங்கினாலும் கவலையில்லை. பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பட்டுக் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கலாம்: 1960-இல் ரீடு, சாலமன் என்ற இருவர் வகுத்த கணிதம், விட்டுப்போனதை மீட்டுத் தருகிறது. அதிகபட்சத் திருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். காப்புரிமை இருந்தும் அதைக் காட்டி யாரிடமும் காசு கேட்பதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்தது. அந்த முடிவு இல்லையென்றால் மாட வீதிவரை இது வந்திருக்குமா?

பணம் போவதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் போய்வருகிறது. இந்த முகவரி யாருடையது?

"வேற பேர் காட்டுதேம்மா?"

"என் பையன் பேருதான் சார், அனுப்புங்க."

அந்தப் பெயர் வங்கிக் கணக்கிலிருந்து வருவது. கடை அட்டைமேல் வேறொரு அட்டையை ஒட்டி ஏமாற்றுபவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். பெயரைப் பாராமல் பின் நம்பரைப் போடாதீர்கள்.

சவுண்ட் பாக்ஸுக்குள் தனியாக ஒரு சிம் கார்டு இருக்கிறது. அது யாரோடு பேசுகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.