கொழும்பு வெயிலில் பின்னும் குளிருடைகள்

வியர்வை துடைக்க லேஞ்சி தேடும் கொழும்பில், மடியில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் பணிபுரியும் பெண்கள் வட்டங்களில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கும் வேலை இதுதான். தொப்பி, கழுத்துச் சால்வை, காலுறை, சில வேளைகளில் ஒரு சுவெற்றர். இவற்றை அணியப் போகிறவர்கள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்.

காத்திருக்கும் ஊர்கள்

இந்த இரண்டு இடங்களும் எமது மக்களின் காத்திருப்பை நீண்ட காலமாகப் பார்த்து வருபவை. 1983 ஜூலை வன்செயலில் கொழும்புத் தமிழர் வீடுகளை இழந்தனர். பலர் வடக்கு கிழக்குக்கும் வெளிநாடுகளுக்கும் போயினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த பின்னர் இன்னும் பலர் இங்கே வந்து சேர்ந்தனர். விசாவுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்தவர்கள் லொட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கினர். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 300இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வெளியேற்றத்தை நேரில் அனுபவித்த இருவர் எமது வட்டத்தில் இருக்கிறார்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. காத்திருப்பு முடியவில்லை. கணவன் கூப்பிடுவார் என்று இருக்கும் மனைவி, பெற்றோரை அழைக்கும் விண்ணப்பத்துக்கு மறுமொழி வராத தாய், வன்னியிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கும் அம்மம்மா. இவர்களின் கைகளுக்கு வேலை இல்லை, மனதுக்கோ ஓய்வில்லை.

வாங்கும் கையும் கொடுக்கும் கையும்

வெள்ளவத்தை வட்டத்தில் ஓர் அம்மா ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, அவன் மாதம் மாதம் காசு அனுப்புறான். நான் அவனுக்கு என்னத்தை அனுப்ப? மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் இப்ப அங்கையே கடையில கிடைக்குதாம்."

வெளிநாட்டுப் பணத்தில் வாழும் பல பெண்களின் மனதில் இந்தக் குறை இருக்கிறது. வீட்டு வாடகை, மருந்து, மின்கட்டணம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. காலப்போக்கில் தாய் தன் மகனுக்குச் சுமை என்று எண்ணத் தொடங்குகிறாள். தொலைபேசியில்கூட அளந்து பேசுகிறாள். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், 1925இல் வெளிவந்த கொடையைப் பற்றிய ஆய்வில், திருப்பிக் கொடுக்க முடியாமல் வாங்கிக்கொண்டே இருப்பவர் தாழ்ந்து போகிறார் என்று விளக்கினார். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்த அந்தக் கருத்தின் கனம் எனக்கு இந்த அம்மாமாரிடம்தான் விளங்கியது.

அதனால்தான் பின்னல் வேலையை நாங்கள் ஒரு சுயதொழிலாக அறிமுகப்படுத்தவில்லை. கையால் பின்னும் ஒரு சுவெற்றருக்குப் பல கிழமை வேலை இருக்கிறது. இயந்திரத்தில் பின்னியது கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வெப்பமான நாட்டில் இதை விற்றுப் பிழைக்கலாம் என்று பெண்களுக்கு ஆசை காட்டுவது நியாயமல்ல. இது கொடுப்பதற்கான வேலை. மகன் அனுப்பும் காசுக்கு இணையாக வைக்க முடியாத ஒன்றை அம்மா அனுப்புகிறாள்.

முதலில் அளவு கேளுங்கள்

அதே அம்மா சுவெற்றர் பின்னத் தொடங்கியபோது இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார். "பதினாலு வயசில அனுப்பினனான். இப்ப முப்பத்தெட்டு. அவன்ர தோள் எவ்வளவு அகலமெண்டு எனக்குத் தெரியேல்லை."

மகனிடமே கேட்கச் சொன்னேன். கேட்டார். மகன் அளவு நாடா இல்லை என்றார். கடைசியில் மருமகள் நூல் ஒன்றால் அளந்து சொன்னார். அதுவரை மருமகளோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்று அரை மணித்தியாலம் பேசினார்.

அளவோடு இன்னொன்றையும் கேளுங்கள்: என்ன தேவை? குளிர்நாட்டு வீடுகளுக்குள் சூடாக்கும் வசதி உண்டு. உள்ளே தடித்த சுவெற்றரோடு இருக்க முடியாது. வெளியே போகும்போது மேலே பெரிய குளிர்ச்சட்டை போடுவார்கள். ரொறன்ரோவில் ஜனவரி மாதத்தில் சில நாட்கள் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரையும் இறங்கும். அப்போது பஸ்ஸுக்கு நிற்பவருக்கு முதலில் விறைப்பது காதும் விரலும் மூக்கு நுனியும். ஆகவே நாம் ஆசையோடு பின்னும் பெரிய சுவெற்றர் அலுமாரியில் கிடக்க, சின்னத் தொப்பி நாள்தோறும் தலையில் இருக்கும்.

நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வாழும் ஓர் அக்காவுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. "காதையும் காலையும் மூடிட்டா போதும் மிஸ், மத்ததெல்லாம் தானா சூடாகும்" என்பார் அவர். கொட்டாஞ்சேனை வட்டத்தில் பின்னல் சொல்லிக் கொடுப்பவரும் அவரே.

குழந்தைகளுக்குப் பின்னும்போது கூடுதல் கவனம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நீண்ட சால்வை வேண்டாம். விளையாட்டுத் திடலில் எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்கும். தலைவழியாகப் போடும் குழாய் போன்ற கழுத்துப் பட்டி நல்லது. கைக்குழந்தையின் உடுப்பில் பொத்தான், மணி, நீண்ட கயிறு வைக்காதீர்கள். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி போடக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

நூலும் சூடும்

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் சுருண்ட இழைகளுக்கிடையே அகப்படும் காற்று உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஆகவே மிக இறுக்கிப் பின்னினால் காற்றுக்கு இடமில்லை; மிகத் தளர்த்தினால் குளிர்காற்று ஊடுருவும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாக இருப்பதாகத் தோலுக்குத் தெரியாது. பருத்தி அப்படியல்ல, நனைந்தால் உடம்பைக் குளிர வைக்கும். முதலாம் உலகப் போரில், பங்கர் ஈரத்தில் நின்று கால் புண்ணாகிய படையினருக்காகப் பிரித்தானியாவிலும் கனடாவிலும் பெண்கள் கம்பளிக் காலுறைகளைப் பின்னி அனுப்பியது இதனால்தான்.

ஆனால் சுத்தக் கம்பளியைச் சுடுநீரில் இயந்திரத்தில் போட்டால் சுருங்கித் தடித்துவிடும். அங்கே எல்லோரும் வேலைக்கு ஓடுகிறார்கள். கையால் தோய்க்க நேரமில்லை. பிள்ளைகளின் உடுப்புக்கு அக்ரிலிக் நூல் வசதியானது. பெரியவர்களின் தொப்பிக்கும் காலுறைக்கும் கம்பளி கலந்த நூல் நல்லது. நோர்வேயில் தோலை ஒட்டிக் கம்பளி உடுப்பதே வழக்கம். 1980களில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன எமது ஆட்கள் அதை அனுபவத்தில் படித்துக்கொண்டார்கள்.

கழுத்துச் சால்வைக்கு 150 முதல் 200 கிராம் வரை நூல் போதும். நீளம் 150 முதல் 180 சென்றிமீற்றர். பெரியவர் தொப்பிக்கு ஏறத்தாழ 100 கிராம். தலைச் சுற்றளவைவிடச் சில சென்றிமீற்றர் குறைத்துப் பின்னுங்கள், இழுபட்டுப் பொருந்தும். சுவெற்றருக்கு மார்பளவைவிட 5 சென்றிமீற்றராவது கூட வேண்டும். எதைத் தொடங்கினாலும் முதலில் 10 சென்றிமீற்றர் சதுரத் துண்டு ஒன்று பின்னி, அதில் எத்தனை கண்ணி என்று எண்ணிக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு.

2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது நூலின் விலையும் ஏறியது. அப்போது நாங்கள் பழைய சுவெற்றர்களைப் பிரிக்கத் தொடங்கினோம். தையலைக் கவனமாக வெட்டி, நூலை உருவி, கதிரையின் முதுகில் சுற்றிக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டால் நல்ல தொப்பி ஒன்றுக்கு நூல் தேறும்.

கொழும்பு வெயிலில் கை வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டும். கையைக் கழுவித் துடைத்து, சிறிது பவுடர் பூசிக்கொள்ளுங்கள். முடித்ததும் தோய்த்து நன்கு காயவைத்தே பொதி செய்யுங்கள். ஈரத்தோடு போனால் அங்கே பூஞ்சண மணத்தோடுதான் திறக்கும். குளிர் தொடங்குமுன் கிடைக்க வேண்டுமானால் ஓகஸ்ட் மாதத்திலேயே பின்னத் தொடங்க வேண்டும்.

யாருக்கு என்று கேட்பதில்லை

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பின்னுகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் பல மாதங்கள் பேசாமல் பின்னினார். பிறகு ஒருநாள், தம்பியின் மகளுக்கு என்றார். அவருடைய மகன் 2009 மே மாதத்துக்குப் பின்னர் திரும்பவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "மகன்ர அளவு எனக்கு நல்லாத் தெரியும். அதைத்தான் பின்ன ஏலாமல் கிடக்கு." யாரும் ஆறுதல் சொல்ல முற்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிக்கியிருந்த அவருடைய நூலை எடுத்துச் சிக்கவிழ்த்துக் கொடுத்தார்.

பின்னல் துயரத்தைத் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உளவள ஆலோசனை தேவைப்படுபவருக்கு ஊசியும் நூலும் மாற்றாகாது. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் தாய்க்கு வேண்டியது பதில். ஆனாலும் கை வேலை செய்யும்போது, முகம் பார்க்காமல் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பொஸ்னியாவில் 1995 ஜூலையில் சிரெப்ரெனிச்சாவில் 8,000இற்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அங்கிருந்து தப்பிய பெண்கள் பலர் துஸ்லா நகரில் பொஸ்பாம் என்ற பெண்கள் அமைப்பில் கூடிப் பின்னினார்கள், நெய்தார்கள். பின்னர் இழந்தவர்களின் பெயர்களைத் துணியில் நெய்து நீதி கேட்டு உலகுக்குக் காட்டினார்கள். அவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கைவேலை செய்வதிலிருந்தே தொடங்கினார்கள்.

சகோதரிகளே, பின்னல் தெரியாவிட்டால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் பழகியது மறந்திருந்தால், இரண்டு ஊசியும் ஒரு நூற்பந்தும் வாங்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உட்காருங்கள். ஒரு சால்வையில் தொடங்குங்கள். ஓரம் கொஞ்சம் கோணினாலும் அனுப்பி வையுங்கள். தொடங்குமுன் தொலைபேசி எடுத்து, "உனக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று கேளுங்கள். எத்தனை வருடமாக அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உங்களுக்கும் தெரியவரும்.