ஆடிட்டர் ஃபீஸ்... எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரியுமா?

ஐ.டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. வருமான வரித் துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். ஆடிட்டருக்குக் கொடுப்பது அவரது நேரத்துக்கும் கவனத்துக்குமான கூலி.

மாதச் சம்பளம், கொஞ்சம் பேங்க் வட்டி... அவ்வளவுதான் வருமானம்னா, பெரும்பாலும் ஐ.டி.ஆர்-1 போதும். ஃபார்ம் 16 விவரத்தை ஏ.ஐ.எஸ் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சது. எஃப் அண்ட் ஓ டிரேடிங், ஃப்ரீலான்ஸ்னு போனால் கணக்கு நீளும்; ஃபீஸும் ஏறும். அது நியாயமான செலவுதான்.

உஷாரா இருக்க வேண்டிய இடம் வேறு. `ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதுல இத்தனை பர்சென்ட் கொடுங்க' என்பவருக்கு, ரீஃபண்ட் ஏற ஏற லாபம். கட்டாத வாடகையும் கொடுக்காத நன்கொடையும் உங்க கணக்கில் ஏறிடும். மாட்டினால், நோட்டீஸ் வருவது உங்க பேருக்கு. பொய்க்கணக்கு காட்டி ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் விழலாம். சி.ஏ-க்கள் இப்படிப் பர்சென்ட் கணக்கில் ஃபீஸ் வாங்குவதை அவர்களின் தொழில் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது.

அதனால முதல்லயே கேளுங்க: ஃபீஸ் மொத்தம் எவ்வளவு? ஜி.எஸ்.டி தனியா? இ-வெரிஃபிகேஷன் வரை முடிச்சுத் தருவீங்களா? நோட்டீஸ் வந்தா பதில் போடுவதும் இதில் அடக்கமா? தாக்கல் செய்யும் முன், ரிட்டர்னை ஒருமுறை நீங்களே படிச்சுப் பாருங்க.