பைனல் இல்லாத சாம்பியன்

விசைத்தறி ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வரும் தம்பி ஒருவர் ரொம்ப நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பைனலே ஆடாம எப்படி அண்ணாச்சி சாம்பியன் ஆக முடியும்?" நியாயமான கேள்விதான். சங்கரன்கோவில் பக்கம் நாம் பார்த்து வளர்ந்தது எல்லாம் ஊர்த் திருவிழாக் கபடியும் இரண்டு நாள் கிரிக்கெட் டோர்னமென்டும். தோற்றால் வெளியே போகவேண்டும், கடைசியில் நிற்கிறவருக்குக் கோப்பை. லீக் அப்படி நடப்பதில்லை. அதை விளக்க நான் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் போவதில்லை. கோயம்புத்தூரே போதும்.

2018-19 ஐ-லீக் கால்பந்துப் பருவம். மொத்தம் 11 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடும் இரண்டு முறை மோத வேண்டும், சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று. ஆக ஒருவருக்கு 20 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இந்தப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். முடிவில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் சாம்பியன். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. ஒரு நாள் நன்றாக ஆடிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஐசால், ஷில்லாங், இம்பால், ஸ்ரீநகர், கோவா, கொல்கத்தா என்று ஐந்து மாதம் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும்.

அந்த வருடம் பட்டம் வாங்கியது சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2016-17 பருவத்தில்தான் ஐ-லீகுக்கே வந்த கிளப். பட்டம் வாங்கியதற்கு முந்தைய வருடம் பத்து அணிகளில் எட்டாவது இடம். போதாக்குறைக்கு, அந்த அணியில் பிரமாதமாக ஆடிய நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ், இன்னொரு பெரிய லீகான ஐ.எஸ்.எல்-லில் ஆடும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இந்த நிலைமையில் இருந்த அணியைத்தான் சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கையில் எடுத்தார்.

ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த சிலரை கிளப் கொண்டுவந்தது. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. நம்மூர் ஆட்கள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் எல்லாம் கூட. பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம் இல்லை. தரையோடு தரையாக, கால் மாற்றிக் கால் கொடுத்து முன்னேறுகிற ஆட்டம். மான்சி மட்டும் 21 கோல் அடித்தார். அணி அடித்தது 48. வெளிநாட்டுக்காரர்களால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மற்ற பத்து அணிகளிலும் வெளிநாட்டு வீரர்களை எடுக்கத் தடை இருந்ததா என்ன? இந்தியன் ஆரோஸ் என்ற இளைஞர் அணியையும் ஷில்லாங் லாஜோங்கையும் தவிர எல்லாரும் எடுத்தார்கள். அந்த வெளிநாட்டு வீரர்களோடு சேர்ந்து அதே வேகத்தில் ஆட நம் பையன்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றார்கள். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது. 2019 மார்ச் 9 காலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தொடங்கிய கிளப், ஆனால் 2003-04-க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. அவர்களுக்கு அன்று கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். அதே நேரத்தில் கோவையில் நம்மவர்களுக்கு மினர்வா பஞ்சாபோடு.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் கோவையில் 0-1, கோழிக்கோட்டில் 0-0. அப்படியே முடிந்திருந்தால் நமக்கு 40, ஒரு டிராவோடு அவர்களுக்கும் 40. "அப்ப யாருக்குக் கப்பு?" என்று தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். புள்ளி சமமானால், இந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதிய ஆட்டங்களில் யார் மேலே என்று பார்ப்பார்கள். கொல்கத்தாவிலும் கோவையிலும் இரண்டு முறையும் சென்னை சிட்டிதான் ஜெயித்திருந்தது. ஆகவே அந்த நிலையிலும் கப்பு நமக்கே. ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டால் எல்லாம் போச்சு.

ஜெயிக்கவும் செய்தார்கள். கோகுலம் முதலில் கோல் அடித்தும், கடைசியில் 2-1 என்று ஈஸ்ட் பெங்கால் முடித்தது. 42 புள்ளி. அதனால் கோவையில் டிரா கூடப் போதாது, 41-தான் வரும். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு அசாமைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கும் அதே 13 வெற்றிதான். அவர்கள் தோற்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு சென்னை சிட்டியிடம். அந்த இரண்டில் ஒன்றை டிரா செய்திருந்தால் கூட அவர்களுக்கு 43, நமக்கு 41. நவம்பரில் கொல்கத்தாவில் ஆடிய ஆட்டம் மார்ச்சில் வந்து பட்டத்தைத் தீர்மானிக்கிறது. தம்பி, பைனல் எங்கே என்று கேட்டீர்களே, இருபது ஆட்டமும் பைனல்தான்.

இனி மனசு கஷ்டப்படுகிற பகுதி. "சரி, ஜெயிச்சாச்சு. அப்புறம் ஏன் டிவில பெருசா காணும்?"

உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் லீக்குகள் மாடிமாடியாக இருக்கும். கீழே ஜெயித்தால் மேலே, மேலே கடைசியாக வந்தால் கீழே. இந்தியாவில் அன்று இரண்டு லீக்குகள் பக்கம் பக்கமாக நடந்தன. 2007-இல் தொடங்கிய ஐ-லீக் ஒன்று. 2014-இல் பெரும் பணத்தோடு வந்த ஐ.எஸ்.எல். மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. அதே 2018-19 பருவத்தில் ஐ.எஸ்.எல்-லில் ஆடிய சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. முந்தைய வருடச் சாம்பியன் அவர்கள். சறுக்கல் எல்லாருக்கும் வரும், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரே மாநிலத்தில் கடைசியாக வந்த அணி பெரிய மேடையிலேயே இருந்தது, முதலாவதாக வந்த அணிக்கு அந்த மேடையில் இடமில்லை. பள்ளியில் முதல் மார்க் எடுத்த பிள்ளையை அதே வகுப்பிலேயே உட்காரச் சொன்ன மாதிரி.

அடுத்த பருவத்திலிருந்து ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக் என்று ஆனது. சாம்பியன் என்பதற்குக் கிடைத்த பெரிய பரிசு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ஆரம்பச் சுற்று. 2020 ஜனவரியில் அகமதாபாத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு ஆடி 0-1 என்று தோற்றார்கள். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். 2020-21 பருவத்துக்குப் பிறகு கிளப் உரிம விதிகளை நிறைவேற்றாததால் சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லாமல் போனது. இந்தத் தவறில் கிளப்புக்கும் பங்கு உண்டு; ஆனால் மேலே போக வழி இருந்திருந்தால் காசு போட ஆள் வந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு திறந்தது 2022-23 பருவத்தில்தான். முதலில் ஏறியது பஞ்சாப், அடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். கோவை அணி பட்டம் வென்றதற்கும் அந்தக் கதவு திறந்ததற்கும் இடையே நான்கு வருடம்.