இரு பக்கமும் அடி வாங்கிய அறிஞர் எராஸ்மஸ்

மத்தளத்திற்கு இரு பக்கமும் அடி என்பார்கள். சண்டையில் சமாதானம் பேசப் போகிறவருக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்த ஒரு சண்டையில் அப்படி அடி வாங்கியவர்தான் எராஸ்மஸ்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 1460களின் பிற்பகுதியில் பிறந்தவர் அவர். தந்தை ஒரு பாதிரியார். பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை. அந்த இழுக்கு அவரை வெகுகாலம் உறுத்தியது. பதின்ம வயதிலேயே பெற்றோரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு மடத்தில் சேர்ந்து, 1492இல் குருவானார். ஆனால் மடத்துச் சுவர்களைவிட நூல்களே அவரை ஈர்த்தன. பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி என்று ஊர் ஊராகச் சென்று கற்றார். இங்கிலாந்தில் தாமஸ் மோர் அவருடைய உயிர் நண்பரானார்.

அவரை 'மனிதநேய அறிஞர்' என்கிறோம். இன்று அச்சொல்லுக்கு இரக்கம், தொண்டு என்று பொருள் கொள்கிறோம். அன்று அதன் பொருள் வேறு. பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களை மூலத்திலேயே படித்து, அதன்வழி மனிதனைப் பண்படுத்துவதே அவர்கள் கொள்கை. 1500இல் சுமார் 800 பழமொழிகளுக்கு விளக்கம் எழுதி வெளியிட்டார் எராஸ்மஸ். வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கொண்டே போனதில் அது 4,000ஐத் தாண்டியது!

1511இல் வெளிவந்த 'மடமையின் புகழ்ச்சி' அவரைப் பெரும்புகழ் பெறச் செய்தது. மடமை என்னும் பெண் மேடையேறித் தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறாள். பண்டிதர், துறவி, மன்னர், போப்பாண்டவர் என எல்லோரும் தன் பிள்ளைகளே என்கிறாள். சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்த நூல் அது.

ஆனால், அவருடைய மிகப் பெரிய பணி எது? 1516இல் பாசல் நகரில் ஃபுரோபன் அச்சகத்தில் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை, தம் இலத்தீன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டதே ஆகும். மேற்கு ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இலத்தீன் வேதாகமத்தையே நம்பியிருந்தது. அதில் ஓரிடத்தில் இருந்த சொல்லைத் திருச்சபையினர் 'பரிகாரத் தவம் செய்யுங்கள்' என்று பொருள் கொண்டு வந்தனர். கிரேக்க மூலச் சொல்லோ 'மனம் மாறுங்கள்' என்பதாகும் என எராஸ்மஸ் எடுத்துக்காட்டினார். சடங்கா, மனமாற்றமா? ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய கேள்வி இருந்தது.

உழவனும் நெசவாளியும் பெண்களும் வேதத்தைத் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1522இல் மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதற்கு அடிப்படை எராஸ்மஸின் இரண்டாம் பதிப்பே. அந்தக் கிரேக்கப் பதிப்பு மரபின் தொடர்ச்சியாகவே, சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார் எனலாம்.

திருச்சபையின் குறைகளை இருவரும் கண்டித்தனர். ஆனால் லூதர் பிரிந்து சென்றார். எராஸ்மஸ் உள்ளிருந்தே திருத்த நினைத்தார். 1524இல் மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என எழுதினார். மறு ஆண்டே லூதர் அதைக் கடுமையாக மறுத்து நூல் எழுதினார். ஒரு தரப்பு அவரைக் கோழை என்றது. மறுதரப்பு, கலகத்திற்கு வித்திட்டவர் என்றது. 1559இல் போப் நான்காம் பவுல் காலத்துத் தடைப் பட்டியலில் அவருடைய நூல்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன.

அவரும் குறையற்றவர் அல்லர். யூதர்களைப் பற்றி அவர் எழுதிய சில கடுஞ்சொற்கள் இன்றும் நெருடுகின்றன. ஆயினும், கிறிஸ்தவ மன்னர்கள் ஒருவரோடொருவர் போரிட்டபோது, சமாதானமே வாய்திறந்து முறையிடுவதாக 1517இல் நூல் எழுதியவர் அவர்.

1535இல் நண்பர் மோர் மன்னரின் ஆணையால் தலை துண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு ஜூலையில் பாசலில் எராஸ்மஸ் கண் மூடினார். கடைசிவரை கத்தோலிக்கராக இருந்தவரின் உடல், சீர்திருத்தச் சபையினர் வசமிருந்த தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இறப்பிலும் அவர் இரு பக்கத்துக்கும் இடையில்தான்!

கருத்து வேறுபட்டாலே எதிரி என்று நினைக்கும் பழக்கம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. நடுவில் நிற்பவரை அடிக்கும் முன், அவர் சொல்வதை ஒருமுறை கேட்டால் என்ன?