தர்மத்துக் கடையில் தொழில் செய்பவரா நீங்கள்?

உங்கள் பிள்ளையோ மருமகனோ தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாரா? கடை யாருடையது என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். "ஒரு தர்ம ஸ்தாபனத்துடையது" என்று பதில் வந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது, தீபாவளிக்கு முன் அப்பா என்னை ஃபெரியில் ஏற்றிப் பினாங்குக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு தையற்காரர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைப்பார். பாதிக் காசு அன்றைக்கு. மீதி, சம்பளம் போட்ட பிறகு. கடை தர்மத்தின் சொத்து. எந்தச் சமூகத்தாரின் தர்மம் என்பது இங்கே வேண்டாம். ஜார்ஜ் டவுனில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீனர் கோங்சி எல்லாவற்றுக்குமே கடைவீடுகள் உண்டு.

"தர்மத்து இடம் தம்பி, நம்மை எழுப்ப மாட்டாங்க" என்பார் பெரியவர்.

அவரை அதுவரை காப்பாற்றியது தர்மம் அல்ல, சட்டம். 1948 ஜனவரி 31க்குள் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. சொந்தக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. இடித்துக் கட்ட விரும்பினால் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். குடியிருப்பவருக்கு நஷ்டஈடு அங்கே முடிவாகும். 1997 செப்டம்பர் 1இல் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 டிசம்பர் 31 வரைதான் தவணை.

2000 பிறந்த பிறகு பெரியவருக்குக் கடிதம் வந்தது. கட்டடம் பழுது, திருப்பிக் கட்டப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று. "கட்டி முடிச்சதும் எனக்கே கொடுப்பீங்களா?" என்று கேட்டாராம். "பார்க்கலாம்" என்றார்களாம். ரசீதெல்லாம் செத்துப்போன அவருடைய அப்பாவின் பெயரில். கடையின் முன்பாதியை ஒரு கடிகாரக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கும் எழுத்து இல்லை. தையல் மிஷினை மகன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். நஷ்டஈடு ஒரு காசும் இல்லை.

ஸ்தாபனத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் பழைய வாடகையில் கூரை ஓடு மாற்றவும் பணம் போதாது என்பதும் உண்மை. அதே ஸ்தாபனம் பிறகு என் மாணவி ஒருத்திக்குப் படிப்புச் செலவு கொடுத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு இன்றும் சங்கடம்தான். என்றாலும் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியதை என்னால் ஒப்ப முடியவில்லை. புதுக் கடையில் முதல் உரிமை உனக்கு, வாடகை இவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே!

இன்றைய நிலை இது. வாடகைக் காலம் முடிந்துவிட்டாலும், கோர்ட்டுக்குப் போகாமல் சொந்தக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பூட்டுப் போட்டாலோ சாமானை வெளியே எறிந்தாலோ போலீசில் புகார் எழுதிவிட்டு, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். அதற்காக வீம்புக்கு உட்கார்ந்திருக்கவும் கூடாது. காலம் முடிந்த பிறகும் இடத்தை விடாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மாத வாடகையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். திரும்பி வரலாம் என்ற வாக்கை எழுதி வாங்கி, முத்திரை வரியும் கட்டி வையுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியாக ஏற்காது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பெரியவரின் மகன். அவரும் பட்டர்வொர்த்தில் தையற்கடைதான் வைத்திருக்கிறார், அதுவும் ஒரு தர்மத்தின் கடையில். சென்ற மாதம் போயிருந்தேன். திருப்பிக் கட்டப் போகிறார்களாம்.

"எழுத்து ஏதாவது இருக்கா?" என்றேன்.

"வாய்ப்பேச்சுதான், வாத்தியாரே. தர்மத்து இடமாச்சே!"

வெட்டுமேசையில் துணியைத் தள்ளிவிட்டு இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. இந்த வாரமும் பதில் வராவிட்டால் நேரில் போகிறோம்.